பட்டாணி அளவு

காப்பகத்துக் காகிதத்தில் அவன் பெயர் டியூக்.
கடுகு என்று மாற்றியது நான்தான்.
முப்பத்தெட்டு கிலோ கடுகு.
பழமொழியில் காரமும் உண்டு என்பது
அன்றைக்கு நினைவில் இல்லை.

வீட்டுக்குள் சோபாவின் அடியில் மூக்கை நுழைத்துத்
தூங்குகிற பிள்ளை.
வார் மாட்டி வாசல் தாண்டினால் போதும்,
எதிரில் ஒரு நாய் வந்தால்
பின்னங்காலில் எழுந்து நிற்பான்.
தெரு முழுக்க அவன் தொண்டை.
முதலில் என் தோள்பட்டை அவனோடு போகும்,
பின்னால் நான் போவேன்,
மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று
எட்மன்டனின் பனிக்குவியல்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு.

ஹலீனா வந்து பார்த்தாள். மணிக்குத் தொண்ணூறு டாலர்.
"கோபமில்லை, பயம்.
கயிறு கட்டியிருக்கிறது, ஓட முடியாது.
அதனால் முந்திக்கொள்கிறான்."
அப்புறம் என் கோட்டுப்பையைத் தட்டி
இதில் என்ன என்றாள்.
கடையில் வாங்கிய பிஸ்கட்.
"இதற்கு நான்கூடத் திரும்ப மாட்டேன். ஈரல் வாங்கு."

ஈரல்.
வெங்காயத்துக்கே நாள் பார்த்த அடுப்பு எங்களுடையது.
விஜயராகவன் ஒன்றும் சொல்லவில்லை,
கராஜ் கதவைத் திறந்து காட்டினார்.
அங்கே, ஸ்நோ டயர்களுக்குப் பக்கத்தில்,
முகாம் அடுப்பை வாசலோரம் இழுத்து
மைனஸ் பதினெட்டில் மாட்டு ஈரல் வேகவைத்தேன்.
மூக்கைச் சுற்றிச் சால்வை.
ஆவி வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.
மேக்பை இரண்டு வேலியில் வந்து உட்கார்ந்தன.

முதல் நாள் அறுபது அடி.
தில்லான் வீட்டு வெள்ளைப் பூடில்
சிவப்புக் கோட்டோடு தபால்பெட்டி ஓரம் தெரியும்.
கடுகின் காது நிமிரும்.
அந்தக் காதுக்கும் குரைப்புக்கும் நடுவே
ஒரு மூச்சு அளவு இடம் இருக்கிறது.
ஈரலை அங்கே வைக்க வேண்டும்.
முந்தினால் லஞ்சம்.
பிந்தினால் குரைத்ததற்குக் கூலி.
கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும்,
துண்டுகள் பையின் தையலோடு உறைந்து கிடக்கும்.
பல நாள் தவறவிட்டேன்.
ஒரு நாள் பதற்றத்தில்
வீட்டுச் சாவியை நீட்டினேன்.

ஜனவரியில் ஐம்பது அடி. பிப்ரவரி நடுவில் நாற்பது.
பனி வாரும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போனதில்
மறுபடி அறுபது.
வங்கியில் நோட்டு எண்ணி நீட்டினேன்.
வாங்கியவர் குனிந்து மெதுவாகக் கேட்டார்,
உங்கள் வீட்டிலும் நாய் இருக்கிறதா?

மார்ச்சில் ஒரு காலை.
தெருவோரம் உருகிய தண்ணீர் சத்தம்.
கோட்டு மாற்றிப் போட்டிருந்தேன். பையில்
ஒரு பழைய பார்க்கிங் ரசீது, அவ்வளவுதான்.
திருப்பத்தில் பூடில்.
இருபத்திரண்டு அடி. அதற்கும் குறைவோ.
காது நிமிர்ந்தது.
நான் வாரை இறுக்கவில்லை
(இறுக்க மறந்துவிட்டேன் என்பதுதான் நிஜம்).
அந்த மூச்சு இடம் வந்தது.
அதில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

அவன் தலையைத் திருப்பி
என் முகத்தைப் பார்த்தான்.
கடன் கொடுத்தவன் பார்க்கிற மாதிரி.

வெறுங்கையை நீட்டினேன். நக்கினான்.
நேற்றைய வாசனை மிச்சம் இருந்திருக்கும்.
தில்லான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்,
அவருக்கு அது ஒரு சாதாரணக் காலை.

மறுநாள் காற்றில் புரண்ட கறுப்புக் குப்பைப்பையைப் பார்த்து
நான்கு வீட்டுக்குக் கேட்கக் குரைத்தான்.
சரி. அறுபது அடி.

திரும்பி வந்தால் கராஜில் விளக்கு.
இரண்டு அடுக்குக் கையுறை,
முகம் சுவர்ப்பக்கம்,
விஜயராகவன் ஈரல் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.
"நீ பெரிசு பெரிசா நறுக்கறே," என்கிறார்
பலகையைப் பார்க்காமலே.
"பட்டாணி அளவுன்னுதானே அந்தம்மா சொன்னா?"